வன்னி யானையும் ஆயிரம் பொன்னும்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. உயிரோடு நிற்கும் யானை உழைத்துப் பொருள் தரும். மாண்ட யானை தந்தம் தரும். ஆகவே யானையை உடையவனுக்கு எக்காலத்தும் நட்டமில்லை என்பது அதன் கருத்து. சேர நாட்டுக் காடுகளிலும் தமிழகத்து மலைச்சாரல்களிலும் இப்பழமொழி பொருந்தியிருக்கலாம். ஈழத்தின் வன்னிப் பெருநிலத்தில் அது பாதிதான் பொருந்தும். இலங்கை யானைகளுள் ஆண் யானைக்குங்கூடப் பெரும்பாலும் தந்தம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், நூற்றில் ஒரு யானைக்குக்கூடத் தந்தம் இருப்பதில்லை என்று எழுதிவைத்தார். 2011ஆம் ஆண்டு நாடளாவிய முறையில் எடுக்கப்பட்ட கணக்கிலே 5,879 யானைகள் காணப்பட்டன. அவற்றுள் தந்தமுடையவை 122 மட்டுமே. தந்தமற்ற ஆண் யானையை நம் மக்கள் அலியன் என்பர். அலியன் இருந்தால் ஆயிரம் பொன்; இறந்தால் குழி வெட்டும் கூலி வேறு கைப்பொறுப்பு.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்திற் கொண்டுதான் வன்னியின் யானை வாணிப வரலாற்றை நாம் படிக்க வேண்டும். தந்தத்துக்காக வேட்டையாடும் நாட்டிலே வேட்டைக்காரனுக்கு யானையின் உயிர் ஒரு பொருட்டன்று. உயிரோடு பிடித்து, உயிரோடு நடத்தி, உயிரோடு கப்பலேற்ற வேண்டிய நாட்டிலோ அதன் காலில் விழும் ஒவ்வொரு புண்ணும் விலையிலே விழும் புண்ணாகும். எந்த யானையைத் தேர்வது, எதைக் காட்டிலேயே விட்டுவிடுவது என்ற கேள்வி வன்னியில் ஒரு கலையாக வளர்ந்ததற்குக் காரணம் இதுவே.

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியாகத் தெற்கே செல்பவர், குடாநாட்டையும் பெருநிலத்தையும் பிரிக்கும் ஆழமற்ற கடனீரேரியைக் கடக்கும் இடத்துக்கு யானையிறவு என்று பெயர். வன்னியிற் பிடித்த யானைகளை வற்றிய நீரில் இறக்கிக் குடாநாட்டுக்குள் நடத்திச் சென்ற துறை அது. அங்கிருந்து பச்சிலைப்பள்ளி வழியாக யாழ்ப்பாணம், யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறை. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கயிற்ஸ் என்ற பெயருங்கூடப் போர்த்துக்கேயர் மொழியில் துறைமேடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. யானைத்துறை என்றே அவர்கள் அதனை வழங்கினர். வழியின் ஒரு முனையில் யானையிறவு, மறு முனையில் யானைத்துறை. இடையிலே நடந்து சென்ற விலங்குகளின் எண்ணிக்கையை இன்று எவராலும் கூற முடியாது.

இவ்வாணிபம் ஐரோப்பியர் தொடங்கியதன்று. மகா அலெக்சாந்தரின் கப்பற்படையிலே மாலுமியாயிருந்த ஒனெசிக்கிரித்தோசு என்பவர், தப்ரொபேன் தீவின் யானைகள் இந்திய யானைகளிலும் பெரியன, போருக்கு மிக உகந்தன என்று கூறியதாக உரோம அறிஞர் பிளினி குறிப்பிடுகிறார். அதனினும் நமக்குப் பயன்படும் செய்தி 6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாசு என்ற கிரேக்க வணிகருடையது. இத்தீவின் அரசன் யானைகளை நிலத்திலிருந்து முழம் போட்டு அளந்து, முழத்துக்கு இத்தனை பொற்காசு என்று விலை பேசி வாங்குவான்; ஐம்பதும் நூறும் அதற்கு மேலும் காசு கொடுப்பான் என்று அவர் எழுதினார். துணியை முழம் போட்டு விற்பதை நாம் அறிவோம். யானையை முழம் போட்டு விற்ற நாடு நம் நாடு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும் இதே முழக்கோலைத்தான் எடுத்தனர்.

முழக்கணக்கு எளிய கணக்கு. எளிய கணக்குகள் பெரும்பாலும் ஏதேனும் ஒன்றை மறைத்துவிடும். இக்கணக்கு மறைத்தது என்ன என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இரு ஆட்சியிலும் வன்னி முழுமையாக அடங்கவில்லை. அடங்காப்பற்று என்ற பெயர் வெறும் அலங்காரமன்று. பனங்காமம், மேல்பத்து, முள்ளியவளை, கருநாவல்பத்து, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பிரிந்து கிடந்த பற்றுகளை வன்னியர் என்னும் தலைவர்கள் ஆண்டனர். அந்நியருக்கு அவர்கள் செலுத்த ஒப்புக்கொண்ட திறை பணமன்று, நெல்லுமன்று, யானை. யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தக் கொமாந்தராக இருந்த ஹென்றிக் சுவாடகுரோன் 1697இல் எழுதி வைத்த நினைவுக் குறிப்பிலே, வன்னியர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய யானை 42½ என்று காணப்படுகிறது. அரை யானையை யார் கயிறு கட்டி இழுத்து வருவது என்று நேயர்கள் நகைக்கலாம். ஈராண்டுக்கு ஒன்று எனக் கணக்கிற் கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம். ஆயினும் அந்த அரை, ஒரு செய்தியைச் சொல்லாமற் சொல்கிறது. கும்பனியின் ஏட்டிலே யானை ஓர் உயிரன்று. பின்னமாக வெட்டக்கூடிய ஓர் எண்.

அந்த எண்ணைக் காட்டிலே உயிராக மாற்ற வேண்டியவர் யார்? யானை பிடிப்பதில் வல்லவர்களைப் பணிக்கர் என்பர். வடக்கிலும் வடமேற்கிலும் இருந்த முசுலிம் ஊர்களிலே இத்தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது. மாங்குளத்தை அடுத்த பணிக்கன்குளம் என்ற ஊர்ப்பெயர் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது என்றே கருதலாம். மான் தோலினாலோ எருமைத் தோலினாலோ முறுக்கிய வாரைத் தவிர அவர்கள் கையில் வேறு படைக்கலம் இல்லை. இருவர் சேர்ந்து யானையின் அடிச்சுவட்டைப் பற்றி நாட்கணக்கில் நடப்பர். மிதிபட்ட புல்லின் வாட்டத்தைப் பார்த்து, யானை போய் எத்தனை நாழிகை என்று சொல்வர். கண்டவுடன் காற்றுக்கு எதிர்முகமாக அணுகி, ஒருவர் முன்னின்று யானையின் கருத்தைத் தம்பால் இழுக்க, மற்றவர் பின்னே ஊர்ந்து சென்று பின்காலிற் சுருக்கை இட்டு, வாரின் மறு நுனியை அருகிலுள்ள மரத்திற் சுற்றிவிடுவார். இதை டெனன்ட் வியந்து எழுதியிருக்கிறார். வியப்பதற்கு எளிது, பின்காலின் அருகே ஊர்ந்தவருக்கு அன்று மாலை வீடு திரும்புவோமா என்பது தெரியாது.

வன்னியில் இதற்கு உகந்த காலம் ஆனி, ஆடி, ஆவணி. சிறு குளங்கள் வற்றிப்போக, எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி யானைகள் கூடும். அப்பொழுது பணிக்கருக்கு முன் நிற்பது ஒரு யானையன்று, ஒரு கூட்டம். தெரிவு அங்கே தொடங்குகிறது.

யானை நூல்கள் நல்ல யானையின் இலக்கணத்தை விரிவாகக் கூறுவன. சிங்கள மொழியில் அத்திசில்ப என்றொரு நூலும், வடமொழியில் மாதங்கலீலையும் இதற்கெனவே உள்ளன. நகங்களின் எண்ணிக்கை, வாலின் நீளமும் அதன் நுனி மயிரும், காதின் விளிம்பு, முதுகின் வளைவு, நாவின் நிறம் எல்லாம் பார்ப்பர். இவற்றுட் சில குறிகள் வெறும் நம்பிக்கை என்று இக்காலத்தார் தள்ளிவிடலாம். எனக்கோ அவற்றுட் பல, மருத்துவனின் பார்வையாகவே தோன்றுகின்றன. கிழிந்த காதும் அறுந்த வாலும் அந்த யானை தன் கூட்டத்திலே போரிட்டதற்கு அடையாளம். நகம் வெடித்திருந்தால் நெடுந்தொலைவு நடவாது. கண்ணின் தெளிவும் தோலின் மென்மையும் உடல்நலத்தைக் காட்டுவன. கோல்கொண்டாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் யாழ்ப்பாணத்துக்கு வந்த வணிகர் இத்தகைய குறிகளை அறியாமல் பணத்தை அவிழ்த்திருக்க மாட்டார்கள். உயரத்தை அளப்பதற்கு யானையின் தோளருகே நிற்க வேண்டியதுமில்லை. முன்காற் சுவட்டின் சுற்றளவை நூலால் அளந்து இரட்டித்தால் தோளின் உயரம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். ஈரமண்ணில் ஒரு சுவடு போதும்; யானையைக் காணாமலே விலை மதிக்கலாம்.

இப்பொழுது முழக்கணக்கு மறைத்த செய்திக்கு வருவோம். முழம் ஏற ஏற விலை ஏறும். ஆண் யானையோ முப்பது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருப்பது. ஆகவே உயர்ந்த யானை என்றால் பெரும்பாலும் வயது முதிர்ந்த யானை. வயது முதிர்ந்த யானை என்றால் காட்டிலே தன் விருப்பப்படி பல்லாண்டு திரிந்த யானை; கயிற்றுக்குப் பணிய மறுக்கும் யானை; கட்டிய மரத்தோடு போராடிக் காலைக் கிழித்துக்கொள்ளும் யானை. எந்த உடம்பு அதிக விலை பெறுமோ அந்த உடம்பே பிழைப்பது அரிது. ஆதாயமும் ஆபத்தும் இரு வேறு தட்டில் இருந்தால் நிறுப்பது எளிது. இங்கே இரண்டும் ஒரே தோலுக்குள் இருந்தன.

இது பழங்காலத்துச் சிக்கல் மட்டுமன்று. 2022ஆம் ஆண்டு இந்தியக் கிரிக்கெட் ஏலத்திலே மும்பை அணியினர், முழங்கைக் காயத்தால் அவ்வாண்டு ஆடமாட்டார் என்று அறிந்தும், இங்கிலாந்தின் வேகப்பந்து வீச்சாளர் ஜொவ்ரா ஆர்ச்சரை 8 கோடி ரூபாய்க்கு எடுத்தனர். மறு ஆண்டில் அவர் அவ்வணிக்காக ஆடியது 5 ஆட்டமே. ஏலத்தில் விலை கூறியவர்களை அறிவிலிகள் என்று நான் சொல்லமாட்டேன். ஆர்ச்சரின் பந்துவீச்சைக் கண்டவர்கள் அந்த விலையைப் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்த நட்டத்தைத் தாங்கியது பணம் படைத்த அணி; காயத்துக்கு மருத்துவம் பார்க்க வல்லுநர் இருந்தனர். வன்னியில் அவ்வாறில்லை.

வன்னியிற் காயம் என்பது முதலாவதாக வார் அறுத்த கால். சுருக்கு இறுகிய இடத்திலே தோல் கிழிந்து, அதன் மேலே மீண்டும் கயிறு உராய்ந்து, ஈ மொய்த்துப் புழுவைக்கும். இப்புண்கள் ஆறுவதற்குத் திங்கள் பல ஆகும், சிலவேளை ஆண்டுகளும் ஆகும் என்று டெனன்ட் எழுதுகிறார். குழியிலே வீழ்த்திப் பிடித்த யானைக்கு எலும்பு முறிவும் உள்ளுறுப்புச் சேதமும் நேரும். கிளிநொச்சிப் பக்கத்திலே ஆனைவிழுந்தான் என்றோர் ஊர் உண்டு. அப்பெயர் எந்தக் குழியைக் குறித்ததோ! இவற்றுக்கெல்லாம் மேலாக, புண்ணும் நோயும் வெளியே தெரியாத நிலையில், கட்டிய இடத்திலேயே திடீரெனச் சாய்ந்து உயிர்விடும் யானைகளும் இருந்தன. நாட்டு மக்கள் அதை மனமுடைந்த சாவு என்றனர்.

எத்தனை யானைகள் இவ்வாறு மாண்டன? ஒல்லாந்தர் காலத்துக்கு நம்பத்தக்க தொகுப்பொன்றை நான் தர இயலாது. ஆனால் ஆங்கிலேயர் காலத்துக் கணக்கொன்றை டெனன்ட் 1859இல் அச்சிட்ட தம் நூலிலே தந்திருக்கிறார். 1831 முதல் 1856 வரையுள்ள 25 ஆண்டுகளில் இலங்கை அரசாங்கத் திணைக்களங்களிலே பணிபுரிந்து மாண்ட யானைகள் 240. அவற்றுள் 138க்குத்தான் சிறைப்பட்டபின் வாழ்ந்த காலம் பதியப்பட்டிருந்தது. அந்த 138இல் 72 யானைகள் முதலாண்டு முடியுமுன்பே இறந்தன. ஆண் 29, பெண் 43. அந்த 72இலும் 35 யானைகள் முதல் ஆறு மாதத்தைக்கூடத் தாண்டவில்லை. இரண்டாம் ஆண்டிலே இறந்தவை 14. அதன்பின் எண்ணிக்கை விரைவாகக் குறைகிறது. முதல் ஈராண்டைத் தாண்டிய யானை நெடுங்காலம் உழைக்கக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இக்கணக்கைக் கையாள்வதிலே சிறிது எச்சரிக்கை வேண்டும். பிடித்த யானைகளிற் பாதி ஓராண்டில் இறந்தன என்று இதனைக் கொண்டு கூறிவிட முடியாது. இது மாண்ட யானைகளின் பட்டியல். அன்று உயிரோடு கொட்டிலிலே நின்றவை இதில் இல்லை. அவற்றைச் சேர்த்தால் விழுக்காடு குறையும். மறுபுறம், பிடிக்கும்போதும் காட்டிலிருந்து கொண்டுவரும் வழியிலும் இறந்தவை அரசாங்கத்தின் ஏட்டுக்கே வரவில்லை. அவற்றைச் சேர்த்தால் விழுக்காடு கூடும். இரு பக்கமும் தள்ளி நின்றாலும் ஒன்று உறுதி: ஆபத்து ஆண்டுகள் முழுவதும் பரவியிருக்கவில்லை, முதல் சில மாதங்களிலே குவிந்து கிடந்தது.

அண்மைக்கால ஆய்வும் இதையே காட்டுகிறது. மியன்மாரின் மரத்தொழிலில் ஈடுபட்ட 5,150 யானைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட முடிவின்படி, காட்டிலே பிடித்த யானை, கொட்டிலிலே பிறந்த யானையைவிட மூன்று முதல் ஏழாண்டு குறைவாகவே வாழ்கிறது. பிடித்ததை அடுத்த ஆண்டிலே சாவு மிகுதி. பிடிபடும்போது வயது ஏற ஏற ஆபத்தும் ஏறுகிறது. பணிக்கரும் பாகரும் எழுத்தின்றி அறிந்திருந்ததை நம் காலத்து விஞ்ஞானம் எண்ணிட்டு எழுதியது.

ஆகவே அறிந்த பாகன் எதைத் தேர்வான்? பால்குடி மறவாத குட்டி தாயைப் பிரிந்தால் தேறுவது அரிது, அது வேண்டாம். முழக்கோலுக்கு விருந்தான பெருங்களிறு கயிற்றிலே செத்துப்போகும், அதுவும் வேண்டாம். இடைப்பட்ட வயதிலே, இன்னும் வளரவிருக்கின்ற, சினந்தாலும் சோறு கண்டால் தணிகின்ற யானையே பாகனின் யானை. அதன் இன்றைய விலை குறைவு. நாளைய விலை அதன் எலும்புக்குள் இருக்கிறது. இத்தெரிவு அறிவுடைய தெரிவு என்பதிலே ஐயமில்லை. ஆனால் முழத்துக்கு இத்தனை என்று அன்றைய தேதிக்கு அளந்து எழுதுபவனுக்கு, நாளைய விலையை எழுத ஏட்டிலே கட்டம் இல்லை.

பொறுத்திருந்து விற்பதும் ஒரு வழி. பிடித்த யானையை ஆறு மாதம், ஓராண்டு வைத்துப் புண் ஆற்றிப் பழக்கினால் ஆபத்துக் காலம் கழிந்துவிடும். வாங்குபவனும் நம்பிக்கையோடு விலை தருவான். ஆனால் நாளொன்றுக்கு நூற்றைம்பது கிலோ அளவில் தழையும் புல்லும் தின்னும் விலங்கை ஓராண்டு வைத்துப் போற்றுவது யார்? வளர்ந்த யானை பத்து நின்றால் ஊரின் தென்னோலையும் ஆலங்குழையும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஊர்காவற்றுறையிலிருந்து புறப்படும் கப்பலோ பருவக்காற்றுக்குக் கட்டுப்பட்டது. காற்று மாறினால் அடுத்த ஆண்டுதான். புண் ஆறாத யானையைக் கப்பலேற்றுவதா, ஓராண்டு தீனி போட்டுக் காப்பதா என்று ஒவ்வோர் ஆடியிலும் ஒருவர் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

அந்த ஒருவர் யார் என்பதுதான் இவ்வரலாற்றின் உட்பொருள் என்று நான் கருதுகிறேன். கப்பலேறியபின் கடலிலே நேரும் சேதம் இயல்பாகவே வாங்கிய வணிகன் தலையில் விழும். அதற்கேற்ப அவன் விலையைக் குறைத்துக் கேட்பான். வடக்கே சந்தையும் நிலையாக இருக்கவில்லை. 1687இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பின் படைகளிடம் வீழ்ந்தது. கும்பனியோ யாழ்ப்பாணத்திலே உயிரோடு வந்து நிற்கும் யானையையே விரும்பியது. ஆகவே ஆபத்து மிகக் குவிந்து கிடந்த அந்த முதல் மாதங்கள், காட்டிலிருந்து யானையிறவு வரையுள்ள அந்த நடை, வன்னியர் தலையிலும் அவர்களின் குடிகள் தலையிலுமே பெரிதும் விழுந்தன. அதிக ஆதாயம் ஒருவனுக்கு, அதிக ஆபத்து மற்றொருவனுக்கு என்று பங்கிட்டபின் இருவரும் ஒரே யானையைத் தேர்வார்கள் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம்?

ஒல்லாந்தரின் குறிப்புகளைப் புரட்டுவோர் மீண்டும் மீண்டும் காண்பது ஒரே முறைப்பாடு. வன்னியர் திறையை நிலுவை வைக்கின்றனர்; சொன்ன எண்ணிக்கையைத் தருவதில்லை; நம்பத்தகாதவர்கள். பின்வந்த சில ஆசிரியர்கள் இம்முறைப்பாட்டை அப்படியே எடுத்து, வன்னியர் சோம்பலும் கர்வமும் உடையவர் என்று எழுதிவிட்டனர். நான் அவ்வாறு படிக்கவில்லை. கர்வம் இருந்திருக்கலாம், அடங்காப்பற்றின் தலைவனுக்குக் கர்வம் இல்லாவிட்டால்தான் வியப்பு. ஆயினும் நிலுவை என்பது ஒரு கணக்காகவும் இருக்கலாம். தன் குடிகள் நாலு பேரை வயலிலிருந்து எடுத்துக் காட்டுக்கு அனுப்பி, பெரிய அலியனொன்றைப் பிடித்து, அது வழியிலே செத்தால் யானையும் இல்லை, உழைப்பும் இல்லை, ஒருவேளை அந்நால்வரில் ஒருவனும் இல்லை. அதை விடக் கொமாந்தரின் கோபத்தைத் தாங்குவது மலிவு. இது என் ஊகம் என்பதை மறைக்கவில்லை. கும்பனியின் ஏடுகள் கும்பனியின் பக்கத்தையே எழுதின; வன்னியர் தம் பக்கத்தை எழுதி வைக்கவில்லை. எழுதாதவனின் கணக்கை அவன் செய்த தெரிவிலிருந்துதான் நாம் கண்டெடுக்க வேண்டும்.

18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஒல்லாந்தர் திறை வாங்குவதை விடுத்து வன்னியை நேரே ஆள முற்பட்டனர். 1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1803 ஆகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான்; அக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றான். அதனோடு யானைத் திறை கேட்பதற்கும் கொடுப்பதற்கும் இருந்த இரு பக்கமும் இல்லாமற் போயின.

அதன் பின்னர் நிகழ்ந்ததை நான் சுருக்கமாகவே கூற விரும்புகிறேன். விரித்துக் கூற மனம் ஒப்பவில்லை. ஆங்கிலேயர் சில யானைகளைப் பாதை அமைக்கவும் மரம் இழுக்கவும் வைத்துக்கொண்டனர். மேலே நான் கூறிய 240 அவைதாம். மற்றவை பயிரை அழிக்கும் விலங்குகள் எனப்பட்டன. ஒரு யானையைச் சுட்டால் சில சிலிங் சன்மானம் என்று அரசாங்கம் அறிவித்தது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்திலே, வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்று டெனன்ட் எழுதுகிறார். அன்றைய வட மாகாணம் நுவரகலாவியவையும் உள்ளடக்கியது. ஆகவே அத்தனையும் வன்னியில் என்று கொள்ளலாகாது. என்றாலும் 42½ என்று பாதி யானையைக்கூட விடாமல் எண்ணிய சுவாடகுரோனின் குறிப்புக்கும் இந்த எண்ணுக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டுதான் உண்டு. ஆண்டுக்கு 42½ என்ற வீதத்திலே 3,500 யானைகளைத் திறையாகச் செலுத்த எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கும்.

அக்கொலையிலே தெரிவு ஏதும் இருக்கவில்லை. முழமும் பார்க்கவில்லை, நகமும் பார்க்கவில்லை, கண்ணின் தெளிவும் பார்க்கவில்லை. தந்தமற்ற அலியனுக்கும் குட்டியோடு நின்ற பெண் யானைக்கும் ஒரே சன்மானம். பணிக்கருக்குத் தெரிந்த நுட்பமெல்லாம் துப்பாக்கி பிடித்தவனுக்குத் தேவைப்படவில்லை.

இன்று அனுமதியின்றி யானையைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். யானையிறவிலே யானை இறங்குவதில்லை. ஒட்டுசுட்டான் பக்கத்திலும் நெடுங்கேணிப் பக்கத்திலும் உழவர் நெல் முற்றும் காலத்தில் பரண் கட்டித் தீப்பந்தத்தோடு இரவு முழுதும் விழித்திருக்கின்றனர். காலையிலே வரப்பின் ஈரமண்ணில் முன்காற் சுவடு பதிந்து கிடக்கும். அதை நூல் கொண்டு அளந்து இரட்டித்துப் பார்க்க இப்பொழுது எவரும் வருவதில்லை. வாழை எத்தனை போயிற்று என்றுதான் எண்ணுகிறார்கள்.